பியர்டட் டிராகன் தொட்டிக்கு அடியில் என்ன போடலாம்?

பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லியை வாங்கியாச்சு, கண்ணாடித் தொட்டியும் வந்தாச்சு. அடுத்து எல்லாரும் முழிப்பது தரைக்கு என்ன போடுவது என்பதில்தான். கடைக்காரர் வண்ண மணல் பாக்கெட்டைக் காட்டுவார். இணையத்தில் பாதிப் பேர் மணல் போட்டால் குடல் அடைத்துச் செத்துப்போகும் என்பார்கள். மீதிப் பேர் மண்ணே இல்லாமல் வளர்ப்பது கொடுமை என்பார்கள்.

இது ஆஸ்திரேலியாவின் உள்பகுதி வறண்ட நிலத்துப் பிராணி, நம்மூர் வேலியில் தலையாட்டும் ஓணானின் குடும்பம்தான். அங்கே அது நடமாடும் தரை பெரும்பாலும் வெயிலில் இறுகிய செம்மண். கால் புதையும் கடற்கரை மணல் அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

படி 1: முதலில் சூட்டைச் சரிபாருங்கள்

குடல் அடைப்புக்கு மணலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வெளிச்சூடு இருந்தால்தான் இதற்குச் செரிமானமே நடக்கும். சூடு போதாமல், தண்ணீரோ கால்சியமோ குறைந்து, வயிற்றில் புழுவும் இருந்தால் தின்ற இரை உள்ளேயே தங்கிவிடும்; கூடவே விழுங்கிய மண்ணும் தங்கும். நல்ல உடல்நிலையில் இருக்கும் டிராகன் இரையோடு கொஞ்சம் மண் விழுங்கினாலும் பெரும்பாலும் எச்சத்தோடு போய்விடும்.

சூட்டு விளக்குக்கு அடியில் அது குளிர்காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், தொட்டியின் மறுகோடி 24 முதல் 28 இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டர் கல்லின் சூட்டைச் சொல்லாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கல்லின் மேல் காட்டிப் பாருங்கள். இந்த அளவு நிலையாக நிற்கும்வரை தரைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

படி 2: முதல் சில வாரங்களுக்குக் காகிதம்

கிச்சன் டவல் அல்லது செய்தித்தாள் போதும். பார்க்க நன்றாக இருக்காதுதான். ஆனால் புதிதாக வந்த பிராணியின் உடல்நிலையைச் சொல்வது அதன் எச்சம்; காகிதத்தில் அது அப்படியே தெரியும். பழுப்புப் பகுதி உருவோடும், கூடவே வரும் யூரேட் (கெட்டியான சிறுநீர்) வெள்ளையாகவும் இருந்தால் நல்லது. யூரேட் மஞ்சளாகி இறுகியிருந்தால் தண்ணீர் போதவில்லை. சில நாள் தொடர்ந்து தண்ணியாகவும் நாற்றத்தோடும் போனால், ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காக்சிடியா போன்ற ஒட்டுண்ணிகள் குட்டிகளிடம் சகஜம்.

காகிதம் நகராமலிருக்க செல்லோ டேப் ஒட்டாதீர்கள், தோலில் ஒட்டிக்கொள்ளும். மூலைக்கு ஒரு கல் வையுங்கள். இரையாகப் போடும் சில்வண்டுகள் காகிதத்துக்கு அடியில் புகுந்துவிடும் என்பதால் இரையை வழவழப்பான கிண்ணத்தில் போடுங்கள்.

படி 3: நிரந்தரத் தரை, சுலப வழி டைல்ஸ்

சொரசொரப்பான ஸ்லேட் கல்லோ, மினுக்கமில்லாத தரை டைல்ஸோ வாங்குங்கள். பளபளக்கும் சுவர் டைல்ஸில் கால் வழுக்கும். தொட்டியின் உள்ளளவை எடுத்து, சில மில்லிமீட்டர் குறைத்து வெட்டித் தரச் சொல்லுங்கள். பசை வேண்டாம், கழுவ எடுக்க வேண்டியிருக்கும். டைல்ஸ் விளக்கின் சூட்டைப் பிடித்து வைக்கும், நகமும் தேயும். குறை ஒன்றுதான், தோண்ட முடியாது. அதற்கு ஒரு மூலையில் மண் நிரப்பிய பெட்டி வைக்கலாம். முதல்முறை வளர்ப்பவருக்கு என் ஓட்டு இதற்கே.

படி 4: மண் தரைதான் வேண்டும் என்றால்

எச்சம் ஒழுங்காகி, குட்டியும் வளர்ந்த பிறகு மண்ணுக்குப் போகலாம். உரமும் பூச்சிமருந்தும் கலக்காத மேல்மண் 60 பங்கு, கழுவிய விளையாட்டு மணல் (ப்ளே சாண்ட்) 40 பங்கு. வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் என்ற இலேசான துணுக்குகள் தெரிந்தால் அது செடித்தொட்டிக் கலவை, வாங்காதீர்கள். எம்-சாண்டும் வேண்டாம், முனைகள் கூர்மையாக இருக்கும்.

தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, உள்ளங்கையால் அழுத்தி, விளக்கைப் போட்டுக் காயவிடுங்கள். சில நாட்கள் ஆகும். காய்ந்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் மண் போதவில்லை. பாளம் பாளமாக வெடித்தால் களி அதிகம், மணல் சேருங்கள். மேல்பரப்பு நன்றாகக் காயும்வரை டிராகனை விடாதீர்கள், ஈரத்தரையில் வயிற்றுத் தோல் புண்ணாகும்.

ஒரு கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்: 120க்கு 60 செ.மீ. தொட்டியில் 10 செ.மீ. உயரம் என்றால் 72 லிட்டர் மண். எடை 80 கிலோவைத் தாண்டும். மேசை தாங்குமா என்று முதலில் பாருங்கள். தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) இருந்தால் கழற்றிவிடுங்கள். மேலே இத்தனை மண் இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடி விரிசல் விடலாம்.

கடையில் தந்தாலும் வேண்டாதவை

கால்சியம் மணல்: செரித்துவிடும் என்று எழுதியிருப்பார்கள். ஈரம் பட்டால் கட்டியாகும். கால்சியம் தேடி அதையே நக்கித் தின்னவும் செய்யும். வால்நட் ஓட்டுத் தூள் குடலைக் கீறும். பைன், சிடார் மரச்சீவலின் வாசனை எண்ணெய் நுரையீரலுக்கு ஆகாது. ரெப்டைல் கார்ப்பெட்டின் நூலில் நகம் மாட்டி விரலே போகலாம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பொள்ளாச்சியிலிருந்து உலகெங்கும் போகும் நல்ல சரக்குதான், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை, காய்ந்தால் தூசி. ஈரக்காட்டுப் பல்லிகளுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

சுத்தம்

எச்சத்தை அன்றன்றே எடுங்கள். மண்ணென்றால் சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து அள்ளுங்கள். டைல்ஸை வாரம் ஒருமுறை கழுவலாம், ஆனால் சமையலறைத் தொட்டியில் வேண்டவே வேண்டாம். ஆரோக்கியமான ஊர்வனவும் சால்மோனெல்லா சுமக்கும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். 5 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும்.

பெண் டிராகன் என்றால்

ஆண் துணையே இல்லாவிட்டாலும் கூ முட்டை இடும். சாப்பாட்டைக் குறைத்து, கண்ணாடியோரம் ஓயாமல் பிராண்டினால் முட்டையிட இடம் தேடுகிறது என்று பொருள். அது உள்ளே திரும்பும் அளவு பெரிய பெட்டியில் 20 செ.மீ.க்கு மேல் ஈர மண்ணை அழுத்தி நிரப்பி வையுங்கள். தோண்டும் பள்ளம் இடிந்து விழாமல் நிற்க வேண்டும். சில நாள் தோண்டியும் முட்டை வராமல் சோர்ந்து படுத்தால் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.