பர்மா நமக்குத் தெரிந்த நாடு என்ற நினைப்பில் வரும் தவறுகள்

செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள், சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார், அந்தப் பக்கத்துத் தெருக்களில் மாலையானால் சூடாகக் கிடைக்கும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ். பர்மா நமக்கு அந்நிய தேசமாகத் தோன்றுவதே இல்லை. அந்த நெருக்கம்தான் அதைப் பற்றிப் பேசும்போதும் எழுதும்போதும் நம்மைத் தவறு செய்யவைக்கிறது. நம்மவர்கள் அதிகம் பார்த்த பர்மா ரங்கூனும் ஐராவதிக் கழிமுகமும். நாடோ சுமார் 6,76,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. 1989-ல் ராணுவ அரசு வைத்த மியான்மர் என்ற பெயரும் பழைய பெயரும் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு கட்டுரைக்குள் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டால் போதும்.

முதல் தவறு, பெரிய தவறு: சமவெளியைப் பார்த்துவிட்டு நாட்டைப் பார்த்ததாக நினைப்பது. பர்மாவின் நில அமைப்பு குதிரை லாடம் மாதிரி. மேற்கே அரக்கான் மலைகளும் சின் மலைகளும், வடக்கே கச்சின் பகுதி, கிழக்கே ஷான் பீடபூமி. நடுவில் ஐராவதி ஓடும் பள்ளத்தாக்கு. வடகோடியில் 5,881 மீட்டர் உயரத்தில் பனி மூடிய ககாபோ ராசி சிகரம் இருக்கிறது. பகான், மாந்தலே இருக்கும் நடுப்பகுதியோ மழை குறைந்த வறண்ட பூமி. பள்ளத்தாக்கில் பெரும்பான்மையினரான பாமர் இனத்தவர் வாழ்கிறார்கள். சுற்றியுள்ள மலைகளில் ஷான், கச்சின், சின், கரேன் என்று வேறு வேறு மக்கள், வேறு வேறு மொழிகள். கச்சின், சின் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 'பர்மா பௌத்த நாடு' என்று ஒரே வரியில் முடித்தால் இவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

இந்த நில அமைப்பைப் பிடித்துக்கொண்டால்தான் அரசியலும் புரியும். ஆங்கிலேயர் சமவெளியை நேரடியாக ஆண்டார்கள். மலைகளை உள்ளூர்த் தலைவர்கள் மூலம் தனியாக நிர்வகித்தார்கள். சுதந்திரம் நெருங்கியபோது விடுதலை இயக்கத் தலைவர் ஆங் சான், ஷான் பகுதியில் இருக்கும் பாங்லோங்குக்குப் போய் 1947 பிப்ரவரி 12-ல் ஷான், கச்சின், சின் தலைவர்களோடு ஒப்பந்தம் போட்டார். கரேன்கள் பார்வையாளர்களாக மட்டும் வந்தார்கள். ஐந்து மாதம் கழிந்திருக்கும், அவ்வளவுதான்: ஜூலை 19 அன்று ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 ஜனவரி 4-ல் சுதந்திரம் வந்தது. 1949-லேயே கரேன் போர் வெடித்தது. ஷான் மாநிலத்துக்குப் பத்து ஆண்டு கழித்துப் பிரிந்து போகும் உரிமையை அரசியல் சட்டமே தந்திருந்தது. நாடு சிதறிவிடும் என்பதைக் காரணமாகச் சொல்லித்தான் 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அதனால் இன்றைய உள்நாட்டுப் போரை 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சியில் தொடங்கிச் சொல்வதும், 'ராணுவமும் ஆங் சான் சூ சியும்' என்று இரண்டு பேர் கதையாகச் சுருக்குவதும் பாதிக் கதைதான். மலைப்பகுதிப் படைகள் பலவற்றுக்குச் சூ சி தலைமை தாங்கிய சமவெளி ஜனநாயக இயக்கத்தைவிட வயது அதிகம்.

அடுத்தது, வரலாற்றைக் கப்பலிலிருந்து தொடங்குவது. நம் கட்டுரைகள் பலவும் 1852 போருக்குப் பிறகு செட்டியார்கள் போய் இறங்குவதில் ஆரம்பிக்கும். பகானை 1044 வாக்கிலேயே மன்னர் அனவ்ரதா ஆளத் தொடங்கிவிட்டார்; அங்கே இன்றும் 2,000-க்கு மேற்பட்ட கோயில்களும் விகாரைகளும் நிற்கின்றன. நம்மோடு உள்ள உறவைச் சொல்லவேண்டுமென்றாலும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். பகானில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று வடமொழிச் செய்யுளோடு தொடங்கித் தமிழில் தொடர்கிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர் பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி, நானாதேசி வணிகர்களின் திருமால் கோயிலான நானாதேசி விண்ணகருக்கு மண்டபமும் கதவும் நிலை விளக்கும் கொடுத்ததாகச் சொல்கிறது. வணிகர்கள் அங்கே கோயில் கட்டி விளக்கு வைத்து 500 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் ஆங்கிலேயர் படையெடுத்து வருகிறார்கள்.

மூன்றாவதைச் சொல்வது சங்கடம், ஆனால் சொல்லியாக வேண்டும். 1942-ல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து வந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1964-ல் கடைகள் நாட்டுடைமையானபோது மிச்சமிருந்தவர்களும் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். இந்தத் துயரம் உண்மை. அதற்கு முன்னால் நடந்ததும் உண்மை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத உழவர்களின் நிலம் செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்குப் போனது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937 வாக்கில் 25 சதவீதம். நிலம் இழந்த உழவனின் கோபத்தைச் சொல்லாமல் நம் இழப்பை மட்டும் எழுதினால் வரலாறு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அப்புறம், போனவர்கள் எல்லோரும் செட்டியார்களும் இல்லை. வயலிலும் துறைமுகத்திலும் கூலிக்கு உழைத்த தமிழர்கள் அதிகம். அவர்களின் வாரிசுகள் மோல்மேன், பெகு பக்கத்துக் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கு என்றாலே '135 இனங்கள்' என்று எல்லோரும் எழுதுகிறோம். அது அரசு அங்கீகரித்த பட்டியல், அவ்வளவே. அதில் அரக்கான் பகுதி முஸ்லிம்களான ரோஹிங்கியா இல்லை; தலைமுறைகளாக அங்கே பிறந்த தமிழரும் இல்லை. 1982 குடியுரிமைச் சட்டம் 1823-க்கு முன்பே குடியிருந்த இனங்களுக்கு முதலிடம் தருகிறது. 2014 கணக்கெடுப்பில் ரோஹிங்கியா என்று சொன்னவர்களை எண்ணவே இல்லை, உத்தேசமாகச் சேர்த்துத்தான் 5.15 கோடி என்றார்கள். 2017-ல் அவர்களில் ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடினார்கள்.

பொருளாதார எண்களிலும் பொறி இருக்கிறது. 2012 வரை அரசுக் கணக்கில் ஒரு டாலருக்கு ஆறு கியாட் சொச்சம், வெளிச்சந்தையில் எண்ணூறு. அந்தக் காலத்து டாலர் கணக்கு எதையும் எந்த விலையில் மாற்றினார்கள் என்று பார்க்காமல் எடுத்தால் தலைகீழாகிவிடும். கச்சின் பகுதியின் பகாந்த் சுரங்கத்துப் பச்சைக்கல்லில் (ஜேட்) பெரும்பகுதி ஏட்டில் ஏறாமலே சீனாவுக்குப் போகிறது. ஏட்டில் இருக்கும் ஏற்றுமதிகளில் இயற்கை எரிவாயு, ஆயத்த ஆடை, அரிசியோடு பருப்பு வகைகளையும் மறக்கக் கூடாது. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு பர்மாவிலிருந்துதான் வருகிறது. அங்கே அறுவடை கெட்டாலோ துறைமுகம் முடங்கினாலோ நம் இட்லி மாவின் விலையில் தெரியும். 'தேக்கும் மாணிக்கமும்' என்ற பழைய வாய்பாட்டை விட்டு இதை எழுதலாம்.

கடைசியாக, ஆண்டு போடாத வரைபடம். ரங்கூனைத் தலைநகராகக் காட்டும் பாடநூல் படங்கள் இன்னும் சுற்றுகின்றன; 2005 முடிவிலேயே அரசு நேப்பிடாவுக்குக் குடிபெயரத் தொடங்கிவிட்டது. 2023 அக்டோபர் 27-ல் ஷான் வடக்கில் மலைப்பகுதிப் படைகள் ராணுவத்தின் மீது தொடங்கிய தாக்குதலுக்குப் பிறகு பல ஊர்கள் கைமாறின. சில மறுபடியும் ராணுவத்திடம் வந்தன. யார் கையில் எந்த ஊர் என்று எழுதுகிறவர்கள் ஆண்டோடு மாதத்தையும் சேர்த்துப் போடவேண்டும்.