மீன்பிடி மானியமும் ஜெனீவா விதிகளும்: நாங்கள் விடுகிற பிழைகள்

யாழ்ப்பாணத்து மீனவ ஊர்களான குருநகரிலோ மயிலிட்டியிலோ மானியம் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகள் காதில் விழும். ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பு மண்ணெண்ணெய் மானியத்தைத் தடை செய்துவிட்டது என்பது ஒன்று. எங்கள் கடலுக்குள் வரும் இந்திய இழுவைப் படகுகளுக்குக் கிடைக்கும் மானியத்தை அதே அமைப்பு இனி நிறுத்திவிடும் என்பது மற்றது. இரண்டும் பிழை. இரண்டாவதுதான் கூடுதல் கெடுதல். அது எங்களைச் சும்மா இருக்க வைக்கிறது.

முதலில் சின்னப் படகுகளுக்கான மண்ணெண்ணெய். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது கொழும்பு எடுத்த முடிவு. உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் அதே ஆண்டு ஜூன் 17இல் ஜெனீவாவில் நிறைவேறினாலும், 2025 செப்டெம்பர் 15இல்தான் நடைமுறைக்கு வந்தது. அது தடுப்பவை மூன்று: சட்டவிரோத மீன்பிடிக்கான மானியம், மீட்பு நடவடிக்கை ஏதுமின்றி அருகிப்போன மீனினத்தைப் பிடிக்கக் கொடுக்கும் மானியம், எவருடைய ஒழுங்குக்கும் உட்படாத ஆழ்கடலில் பிடிக்கக் கொடுக்கும் மானியம். சின்னப் படகுக்கான எரிபொருள் உதவி இவற்றுக்குள் தானாக வந்துவிடாது. மிகை மீன்பிடியை வளர்க்கும் மானியங்கள் பற்றிய அடுத்த கட்டப் பேச்சு 2024இல் அபுதாபியில் முடிவு எட்டாமல் நின்றது. ஆகவே "ஜெனீவா விடாது" என்று யாராவது சொன்னால், எந்த உறுப்புரை என்று கேளுங்கள்.

கடலட்டைப் பண்ணைக்கும் இதே ஒப்பந்தம் என்று நினைப்பது இன்னொரு பிழை. வளர்ப்புத் தொழில் அதற்கு வெளியே. ஆனால் "ஏற்றுமதி செய்தால்தான் பணம்" என்று நிபந்தனை போட்டால் உலக வர்த்தக அமைப்பின் 1995இன் பொதுவான மானிய ஒப்பந்தம் குறுக்கே வரும். உள்ளூர் மூலப்பொருளையே வாங்க வேண்டும் என்ற நிபந்தனைக்கும் அதே தடைதான். பனைத் தொழிலுக்குத் திட்டம் எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இருக்கும் உறவினர் சொல்வதை அப்படியே இங்கே பொருத்தவும் கூடாது. அங்கே அரசு விதிமீறிக் கொடுத்த உதவியையே திருப்பி வாங்கும்படி ஐரோப்பிய ஆணையம் சொல்லும். வரிச்சலுகையாகக் கொடுத்த 13 பில்லியன் யூரோவை ஆப்பிள் நிறுவனத்திடமிருந்து அயர்லாந்து அறவிட வேண்டும் என்ற 2016 முடிவை நீதிமன்றம் 2024இல் உறுதி செய்தது. உலக வர்த்தக அமைப்பில் அப்படித் தேடிவரும் ஆணையம் கிடையாது. அங்கே முறையிடுவதும் அரசுகள் மட்டுமே. சங்கமோ தனி ஆளோ போக முடியாது.

சரி, இழுவைப் படகு. சட்டவிரோதமாக மீன் பிடித்த படகுக்கு மானியம் கூடாது என்பது உண்மை. ஆனால் அது சட்டவிரோதம் என்று யாராவது தீர்மானிக்க வேண்டும். எங்கள் கடற்பரப்பில் நடந்ததற்கு அந்த அதிகாரம் கரையோர நாடான இலங்கைக்கு உண்டு. படகின் கொடி நாடும், அதாவது படகு பதிவான நாடும், தீர்மானிக்கலாம். இலங்கை தீர்மானிப்பதானால் கொடி நாட்டுக்கு உரிய நேரத்தில் அறிவித்து, தகவல் பரிமாற இடம் கொடுத்திருக்க வேண்டும். கடற்படை படகைப் பிடித்ததோடு இந்த வேலை முடியாது. அதற்குப் பிறகும் தடை எத்தனை காலம் என்பதை மானியம் கொடுக்கும் நாடே வைக்கும். அந்த நாடு ஒப்பந்தத்தை ஏற்றிராவிட்டால் எதுவுமே இல்லை.

சொல்லக் கசப்பான ஒன்றும் உண்டு. 2017இன் 11ஆம் இலக்கச் சட்டம் இழுவை மடியை எங்கள் படகுகளுக்கும் சேர்த்தே தடை செய்தது. ஒப்பந்தம் சொல்லும் சட்டவிரோதத்துக்குள் உள்ளூர்ப் படகும் அடங்கும். எங்கள் பக்கத்து இழுவையைப் பார்க்காமல் விட்டுக்கொண்டு அடுத்த நாட்டிடம் கணக்குக் கேட்டால் அந்தக் குரல் எடுபடாது.

வலை அறுந்தால் நட்டஈட்டு மனு மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள். படகின் பதிவு இலக்கம், திகதி, நேரம், ஜிபிஎஸ் புள்ளி, அறுந்த வலையின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, சங்கத்தின் பெயரில் கடற்றொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் கொடுங்கள். எந்தெந்தப் படகுக்குச் சட்டவிரோதத் தீர்மானம் எடுக்கப்பட்டது, எந்த நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது என்று பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்.