எடிட்டிங்குக்கு முன் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமராவிலும் கைப்பேசியிலும் பதிவான கோப்புகளை எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே எடிட்டிங்குக்காகவே உருவான புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஒரு சாரார் அடித்துச் சொல்கிறார்கள். இன்றைய கணினிகளுக்கு அதெல்லாம் தேவையே இல்லை என்று மற்றொரு சாரார் அதே உறுதியோடு சொல்கிறார்கள். ஏதோ ஒரு கணினியில், ஏதோ ஒரு கோப்பை வைத்துப் பார்த்தால் இரண்டுமே சரிதான். தன் கணினி எந்த இடத்தில் திணறுகிறது என்று பார்க்காமல் இவற்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளைக்கின்றன.

முதல் அறிவுரை வெறும் மூடநம்பிக்கை அல்ல. 2006-இல் சோனியும் பானசோனிக்கும் ஏவிசிஎச்டி என்ற கேமராப் பதிவு வடிவத்தைக் கொண்டுவந்த காலத்தில் ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோ அதை நேரடியாக எடிட் செய்ய விடாது. 2007-இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய புரோரெஸ் போன்ற ஓர் இடைநிலை வடிவத்துக்கு மாற்றித்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் அன்றைய கருவிகளின் எல்லையால் வந்தது. கருவிகள் மாறிய பிறகும் அறிவுரை மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

மாற்றுவதால் என்ன கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, சுருக்கப்பட்ட வீடியோ எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். எச்.264, எச்.265 ஆகிய கோடெக்குகளில் (வீடியோவைச் சுருக்கும் முறைகளில்) பதிவாகும் பெரும்பாலான கோப்புகளில் எல்லா ஃபிரேம்களும் முழுமையாக இருப்பதில்லை. ஒரு ஃபிரேம் முழுதாகச் சேமிக்கப்படும். அதை அடுத்து வரும் ஃபிரேம்களில் முன்னும் பின்னும் உள்ளவற்றிலிருந்து எது மாறியதோ அது மட்டுமே குறிக்கப்படும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடவிட்டுப் பார்ப்பவருக்கு இது ஒரு குறையே அல்ல. எடிட்டரோ காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் எங்கோ ஓரிடத்தில் சொடுக்குகிறார், பின்னோக்கி ஓட்டுகிறார், ஒரு ஃபிரேம் முன்னே ஒரு ஃபிரேம் பின்னே என்று நகர்த்துகிறார். அப்போதெல்லாம் கணினி அருகிலுள்ள முழு ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து கணக்கிட்டுக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. புரோரெஸிலும் டிஎன்எக்ஸ்எச்ஆரிலும் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்பதால் இந்த வேலை மிச்சமாகிறது. மாற்றத்தின் முதன்மையான பலன் இவ்வளவுதான்: திறந்து காட்டுவது எளிதாகிறது.

மாற்றினால் தரம் உயரும் என்று நினைப்பது எல்லாவற்றிலும் பரவலான தவறு. நிறத்தில் எத்தனை படிநிலைகள் என்பதை பிட் எண்ணும், எவ்வளவு நிற விவரம் வைக்கப்படுகிறது என்பதை 4:2:0, 4:2:2 போன்ற குறியீடுகளும் சொல்கின்றன. 8 பிட் 4:2:0 ஆகப் பதிவான காட்சியை 10 பிட் 4:2:2 புரோரெஸாக மாற்றும்போது, கேமரா தூக்கியெறிந்த நிற விவரம் எதுவும் திரும்பி வருவதில்லை. அதே விவரம் பெரிய கோப்பில் உட்காருகிறது. கலர் கிரேடிங்கில், அதாவது நிறங்களைச் சீரமைக்கும் கட்டத்தில், வானம் பட்டை பட்டையாகப் பிரிந்தால், மாற்றிய பிறகும் அப்படியேதான் பிரியும். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்கள் உள்ளே வந்த கோப்பு எதுவாக இருந்தாலும் நிறக் கணக்குகளை 32 பிட் துல்லியத்தில்தான் செய்கின்றன என்பதால், கிரேடிங்குக்காக முன்கூட்டியே 10 பிட்டுக்கு மாற்றிவைக்கிறேன் என்ற காரணமும் நிற்காது.

இடக் கணக்கைப் போடாமல் தொடங்குவது அடுத்த தவறு. சோனியின் பல கேமராக்கள் 4கே காட்சியை நொடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் பதிவு செய்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அதையே 25 ஃபிரேம் புரோரெஸ் 422 ஆக்கினால் நொடிக்கு 492 மெகாபிட், அதாவது மணிக்கு 220 ஜிபிக்கு மேல். ஐபோனில் எச்.265 வடிவில் எடுத்த 30 ஃபிரேம் 4கே காட்சி மணிக்குச் சுமார் 10 ஜிபிதான் வரும். அது 265 ஜிபியாக ஊதிவிடும். இரண்டு மூன்று கேமராக்களை வைத்து முகூர்த்தத்தையும் வரவேற்பையும் முழுதாகப் பதிவு செய்யும் திருமண ஒளிப்பதிவாளர் எல்லாவற்றையும் மாற்றினால் ஒரே நிகழ்ச்சிக்கு சில டெராபைட் தேவைப்படும். இடம் மட்டும் பிரச்சினை அல்ல. நொடிக்கு 492 மெகாபிட் என்பது 61 மெகாபைட். சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்று இப்படிப்பட்ட ஒரு காட்சியைச் சிரமமின்றித் தரும், ஆனால் பல கேமராக் காட்சிகளை ஒன்றாக ஓட்டும் மல்டிகேமில் மூன்றை ஒரே நேரத்தில் கேட்டால் திக்கும். பிராசஸரின் திணறலைத் தீர்க்கப் போய் டிஸ்க்கின் திணறலை வாங்கி வைத்ததாக முடியும்.

ஆகவே முடிவெடுப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்துவிடுவது நல்லது. ஒரே ஒரு காட்சியை எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் டைம்லைனில் வைத்து, முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்டிப் பாருங்கள். இதில் தடங்கல் இல்லை, நாய்ஸ் குறைக்கும் எஃபெக்ட்டையோ கனமான பிளகின்னையோ போட்டவுடன்தான் திக்குகிறது என்றால், கோப்பை மாற்றுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தப் பகுதியை மட்டும் முன்கூட்டியே கணக்கிட்டு ரெண்டர் செய்துவைப்பதே வழி. வெறும் காட்சியே திக்கினால், விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு, டிஸ்க், கிராஃபிக்ஸ் பகுதியில் உள்ள வீடியோ டீகோட் ஆகிய மூன்றையும் பாருங்கள். டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்று சிபியு சும்மா இருந்தால், கோப்பு மெதுவான டிஸ்க்கில் இருக்கிறது என்று பொருள்; அதை எஸ்எஸ்டிக்கு நகர்த்தினால் போதும், மாற்றினால் நிலைமை மோசமாகும். சிபியு உச்சத்தில் நின்று வீடியோ டீகோட் பூஜ்யத்தில் கிடந்தால், அந்தக் கோப்பைத் திறப்பதற்கென்றே உள்ள தனி மின்சுற்று உங்கள் கணினியில் இல்லை, அல்லது மென்பொருளின் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கடைசிச் செய்தி பலருக்கும் வியப்பளிக்கும், ஏனெனில் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் எல்லாம் ஓடும் என்றே நம்பப்படுகிறது. உண்மையில் கோடெக்கின் பெயரோடு பிட் ஆழத்தையும் நிறப் பகுப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 8 பிட் 4:2:0 எச்.264 கோப்பை ஏறத்தாழ எல்லாக் கணினிகளும் தனி மின்சுற்றின் உதவியோடு திறந்துவிடும். புதிய சோனி, கேனான் கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 எச்.265 அப்படி அல்ல. என்விடியாவின் கார்டுகளில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தையவை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியவையாக இருந்தாலும் இதற்குக் கைகொடுக்காது; இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதலான பிராசஸர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸும், ஆப்பிளின் எம்1 முதலான சிப்புகளும் கைகொடுக்கும். பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசஸரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸே இல்லை என்பதால், சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க அதை வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இதே 10 பிட் 4:2:2 எச்.264 ஆக வந்தால் இன்னும் பல கணினிகளில் இந்த உதவி கிடையாது. லினக்ஸில் ரிசால்வின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்துபவருக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, அது எச்.264, எச்.265 காட்சிகளைத் திறக்காது என்பதால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றுவது என்று முடிவான பிறகும் தவறுகளுக்குக் குறைவில்லை. ஹேண்ட்பிரேக் என்ற வடிவம் மாற்றும் கருவியில் போட்டு இன்னொரு எம்பி4 எடுத்துக்கொள்வது அவற்றில் ஒன்று. அது மீண்டும் ஒருமுறை சுருக்குகிறது. தரம் சற்றுக் குறைகிறது. ஃபிரேம்கள் முன்போலவே ஒன்றையொன்று சார்ந்து இருப்பதால் எடிட்டிங் எளிதாவதும் இல்லை. ஷட்டர் என்கோடர் என்ற இலவசக் கருவியில் புரோரெஸும் டிஎன்எக்ஸ்எச்ஆரும் இருக்கின்றன. ரிசால்வும் பிரீமியர் என்ற மற்றோர் எடிட்டிங் மென்பொருளும் தம்முள்ளேயே இவ்வேலையைச் செய்யும்.

டிஎன்எக்ஸ்எச்ஆரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் வகைப் பெயர்களைக் கவனிக்க வேண்டும். எச்கியூ என்ற வகை பெயரளவில் உயர்தரமாகத் தோன்றினாலும் அது 8 பிட் மட்டுமே. பின்னால் நிறம் கூட்டுவதற்காக வெளிறிய தோற்றத்தில் பதிவாகும் எஸ்-லாக்3 போன்ற லாக் அமைப்பில் 10 பிட்டாகப் படமெடுத்து அதை எச்கியூவுக்கு மாற்றினால், கேமராவுக்குக் கொடுத்த விலையின் ஒரு பகுதியை நம் கையாலேயே வீணாக்குகிறோம். அங்கே எச்கியூஎக்ஸ் என்ற வகையே பொருந்தும். ஃபிரேம் வேகத்தையும் தொடக்கூடாது: 50 ஃபிரேமில் எடுத்ததை 25 ஆக மாற்றிவைத்தால், பின்னால் தாலி கட்டும் காட்சியை ஸ்லோமோஷனில் காட்ட நினைக்கும்போது பாதி ஃபிரேம்கள் இருக்காது. 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் எச்டிஆர் (ஒளி-இருள் வீச்சு அதிகமான) பதிவும் இதோடு சேர்ந்துகொண்டது. நிறவெளியைக் கவனிக்காமல் அதைச் சாதாரண வடிவத்துக்கு மாற்றினால் காட்சி வெளிறியோ வெந்தோ போய் நிற்கும்.

கைப்பேசிக் காட்சிகளிலும் இணையவழிக் கூட்டப் பதிவுகளிலும் இன்னொரு சிக்கல் உண்டு. இவற்றில் ஃபிரேம் வேகம் நிலையாக இருப்பதில்லை. வெளிச்சத்துக்கும் கருவியின் சுமைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். டைம்லைனின் தொடக்கத்தில் உதடும் ஒலியும் ஒத்துப்போய், அரை மணி நேரத்தில் விலகிவிடுவது பெரும்பாலும் இதனால்தான். மீடியாஇன்ஃபோ என்ற சிறு கருவியில் கோப்பைத் திறந்தால் ஃபிரேம் வேகம் நிலையானதா மாறுவதா என்று ஒரு வரி சொல்லிவிடும். மென்பொருள்களின் அண்மைப் பதிப்புகள் இதை ஓரளவு சமாளிக்கின்றன என்றாலும், நீண்ட பேட்டியாகவோ வேறு கேமராவோடு ஒத்திசைக்க வேண்டியதாகவோ இருந்தால் நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுவதே பாதுகாப்பு. என் பார்வையில், லினக்ஸின் இலவச ரிசால்வை விட்டுவிட்டால், கணினி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் தயங்காமல் மாற்ற வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான தவறு, வெளிக்கூட்டை மாற்றினால் போதும் என்ற இடத்தில் முழுக் கோப்பையும் மாற்றுவது. ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிவான எம்கேவி கோப்பைச் சில மென்பொருள்கள் திறக்காததற்குக் காரணம் உள்ளே இருக்கும் வீடியோ அல்ல, அதைச் சுற்றியுள்ள கூடு மட்டுமே. ஓபிஎஸ்ஸின் மெனுவிலேயே இருக்கும் ரீமக்ஸ் வசதி சில நொடிகளில், தரம் சிறிதும் குறையாமல் அதை எம்பி4 ஆக்கிவிடும்.

மற்ற பல சூழ்நிலைகளில் பிராக்ஸி போதும். மூலக் கோப்பு தன் இடத்தில் இருக்க, எடிட்டிங்குக்கு மட்டும் சிறிய நகல்கள். 1080 அளவில் 25 ஃபிரேம் புரோரெஸ் பிராக்ஸி மணிக்கு 17 ஜிபி அளவில் அடங்கிவிடுகிறது. அந்த நகலில் ஃபிரேம் வேகமும் டைம்கோடும் (ஒவ்வொரு ஃபிரேமின் நேரக் குறியீடும்) ஒலித்தடங்களின் எண்ணிக்கையும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒலித்தடம் மாறினால் பிரீமியர் இணைக்க மறுக்கும். வெளியே இருந்து பிராக்ஸி தயாரிப்பவர்கள் இங்கேதான் ஒருநாள் உழைப்பை இழக்கிறார்கள். கலர் கிரேடிங்கையும் நாய்ஸ் குறைப்பையும் பிராக்ஸியைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. ஃபைனல் கட் புரோவில் வேலை முடிந்து ஏற்றுமதி செய்யும்முன் பார்வை அமைப்பை மீண்டும் மூலத்துக்குத் திருப்பிவிட்டோமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றிய கோப்பு கையில் இருக்கிறதே என்று மெமரி கார்டிலிருந்து வந்த மூலத்தை அழிப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. மாற்றத்தில் படப்பிடிப்புத் தகவல்களோ ஓர் ஒலித்தடமோ விடுபட்டிருப்பது பல நாள் கழித்தே தெரியவரலாம். வேலையை ஒப்படைத்த பிறகு இடம் வேண்டுமென்றால் அழிக்க வேண்டியவை பிராக்ஸிகளும் புரோரெஸ் நகல்களும்தான். அவற்றை மூலத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். மூலக் கோப்புகளைக் கார்டில் இருந்த அதே ஃபோல்டர் அமைப்போடும் அதே பெயர்களோடும் புராஜெக்ட் கோப்புடன் சேர்த்து இரண்டு டிஸ்க்குகளில் வைத்துவிட்டால், வாடிக்கையாளர் ஓராண்டு கழித்து ஆல்பத்தில் ஒரு காட்சியை மாற்றித்தரக் கேட்டாலும் மென்பொருளில் அவற்றை எளிதாக மீண்டும் இணைத்துக்கொள்ளலாம்.