மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சலா? ஊசிக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம்

வேலூர் பக்கத்துப் பொய்கைச் சந்தையில் செவ்வாய்க்கிழமை பிடித்து வந்த கலப்பினக் கறவை, இரண்டு வாரத்தில் அசை போடாமல் தலையைத் தொங்கவிட்டு நிற்கும். காய்ச்சல் 105 டிகிரி. சந்தை அலைச்சல்தான் என்று நாமே முடிவு கட்டி, மருந்துக்கடையில் ஊசி வாங்கிப் போட்டுவிடுகிறோம். எங்கள் வீட்டில் ஒரு ஜெர்சியை இப்படித்தான் பறிகொடுத்தோம்.

ரத்தம் பார்க்காமல் மருந்து ஏற்றுவதுதான் பெரிய தவறு. காய்ச்சல் ஒன்று போலத் தெரிந்தாலும் உண்ணி கடித்து ஏற்றும் கிருமி வேறு வேறு: தைலேரியா, பபேசியா, அனாபிளாஸ்மா. தைலேரியா என்றால் பெரும்பாலும் தோள்பட்டைக்கு முன்னால் கட்டி வீங்கும். பபேசியாவில் மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். அனாபிளாஸ்மாவில் கண் வெளுத்து மஞ்சளிக்கும், மூத்திரம் சிவக்காது. தைலேரியாவுக்கு பூபார்வகோன், பபேசியாவுக்கு டிமினசீன், அனாபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின். பபேசியா மருந்துக்குத் தைலேரியா கேட்காது. காய்ச்சல் ஏறி நிற்கும்போதே காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் தேய்க்கக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து போட்ட பிறகு பார்த்தால் கிருமி கண்ணில் படாமலே போகலாம்.

ரத்தத்தில் வளரும் இன்னொரு கிருமி நோய் சர்ரா. அது ஒட்டகத்துக்கு வரும் நோய், நமக்கென்ன என்பார்கள். 1880-இல் ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் அதன் கிருமியைக் கண்டது, இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கான் பக்கத்துக் குதிரை, ஒட்டக ரத்தத்தில்தான். ஒட்டகத்தை வருஷக்கணக்கில் உருக்கிவிடும் என்பதால் ராஜஸ்தானில் அதற்குத் ‘திபர்சா’, அதாவது மூன்று வருஷ நோய், என்று பெயர். ஆனால் கடிக்கும் ஈக்கள் அதைப் பசுவுக்கும் எருமைக்கும் கொண்டுவரும். மாட்டில் பல நேரம் வெளியே ஒன்றும் தெரியாது. பால் குறையும், சினை கலையும். மழை விட்டதும் ஈ மொய்க்கிற நாட்களில் காரணமில்லாமல் மாடு மெலிந்தால் இதையும் நினையுங்கள். மருந்திலும் கவனம் வேண்டும்: நம் மாட்டுக்குப் போடும் டிமினசீன் ஒட்டகத்துக்கு ஆபத்து.

அப்புறம், ஒரே ஊசியை நாலு மாட்டுக்குப் போடாதீர்கள். ஈயும் உண்ணியும் இல்லாமலே அனாபிளாஸ்மாவும் சர்ராவும் அந்த ஊசி வழியே பரவும்.

உண்ணி மருந்தை மாட்டின் உடம்பில் மட்டும் அடிப்பது பாதி வேலை. சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும் உண்ணி ஒளிந்து முட்டையிடும். அங்கும் அடித்து, வெடிப்பைப் பூச வேண்டும். பிடுங்கிய உண்ணியைத் தொழுவத்திலேயே போடாமல் தீயில் போடுங்கள்.

புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரமாவது தனியாகக் கட்டி, தினமும் காய்ச்சல் பாருங்கள். சுருண்டு படுத்துவிட்டால் 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.