பாலியல் தொழிலாளர்கள் தயங்காமல் வரக்கூடிய மருத்துவ சேவையை அமைக்கும் முறை

தமிழ்நாட்டில் பாலியல் தொழில் பெரும்பாலும் வீடுகளிலும் விடுதி அறைகளிலும் கைபேசித் தொடர்பின் வழியாகவுமே நடக்கிறது. ஆகவே காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில் இப்பெண்களுக்கெனப் பெயர்ப்பலகை மாட்டித் தனி மருத்துவமனை திறப்பது, அவர்களை ஊருக்குக் காட்டிக்கொடுப்பதாகவே முடியும். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்துக்குள் நுழைவதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிடுவாரோ என்ற அச்சமே பலரைத் தடுத்துவிடும். எனவே அம்மையத்தின் ஆலோசகரை மகளிர் மருத்துவப் பிரிவின் அறை ஒன்றுக்கு வரச் செய்து, எல்லாப் பெண்களும் போய்வரும் அதே வாசல் வழியாகவே இவர்களும் வந்துபோகுமாறு அமைக்க வேண்டும்.

அடுத்து, சீட்டுப் பதியும் இடத்தைச் சீர்செய்ய வேண்டும். "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்று விசாரிப்பது செட்டிநாட்டில் அன்பான வழக்கம்தான், ஆனால் தன்னை மறைத்து வாழ வேண்டியவருக்கு அந்தக் கேள்வியே திரும்பிப் போகப் போதுமான காரணமாகிவிடும். அவர் சொல்லும் பெயரையும் வயதையும் மட்டும் எழுதிக்கொண்டு, வரிசை எண்ணைச் சொல்லி அழைக்க வேண்டும். சீட்டில் தொழிலைக் குறிக்கவே கூடாது. கைபேசிக்கு அழைக்கலாமா, வேறு யாராவது எடுப்பார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்த ஊர் மருத்துவமனையைத் தவிர்த்து வேற்றூரிலிருந்து வருபவரை, "உங்கள் ஊரிலேயே பாருங்கள்" என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஒப்புதல் பெறாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதையும் முடிவை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது என்பதை, மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை அனைவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகளும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் உள்ளவை. ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால், அந்தப் பெண்ணை நோய் பரப்புபவராக மட்டுமே பார்க்கிறோம் என்று பொருள். இரத்த சோகை, சர்க்கரை, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, கருத்தடை, மனச்சோர்வு ஆகியவற்றையும் அதே வருகையில் கவனிக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவருடைய ஒப்புதலே சட்டப்படி போதும். கணவர் கையெழுத்தைக் கேட்பதை நிறுத்த வேண்டும்.

பாலியல் வன்முறைக்கு ஆளாகி வருபவரிடம், "இந்தத் தொழிலில் இருப்பவருக்கு ஏது வன்முறை?" என்று கேட்பது கொடுமை. மற்ற எல்லோருக்கும் உரிய சிகிச்சை இவர்களுக்கும் உடனே கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று ஆணையிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவின்படி தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை வன்முறை நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும் என்பதால், இரவுப் பணியில் இருப்பவரிடமும் அம்மருந்து கைவசம் இருக்க வேண்டும்.

இவற்றைத் திட்டமிடும் கூட்டங்களுக்கு அந்தப் பெண்களையே அழைத்து, அன்றைய வருமான இழப்புக்கு ஈடாகப் பணம் தர வேண்டும். மருத்துவமனை திறந்திருக்கும் நேரத்தையும் அவர்களே சொல்லட்டும். இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. சட்டப்படி ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். அவரை எப்படி அணுகுவது என்பதை முதல் வருகையிலேயே ஒவ்வொருவருக்கும் தனியே சொல்லிவிட வேண்டும்.