சிறு பட்டறைக்கு எந்த சிஎன்சி ரூட்டர்: கிடைமட்டமா, செங்குத்தா?

சிஎன்சி ரூட்டர் என்பது கணினிக் கட்டளைப்படி பலகையை வெட்டிச் செதுக்கும் இயந்திரம். முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இரும்பு வேலைப் பட்டறைகளில் விஎம்சி (வெர்ட்டிகல் மெஷினிங் சென்டர்) என்றால் ஸ்பிண்டில், அதாவது வெட்டும் பிட்டைப் பிடித்துச் சுழற்றும் தண்டு, செங்குத்தாக நிற்கும் இயந்திரம். மர வேலைக்கான ரூட்டரிலோ, செங்குத்து, கிடைமட்டம் என்பவை பலகை வைக்கப்படும் நிலையைக் குறிக்கின்றன. ஆகவே செங்குத்து ரூட்டரில் பலகை சுவரில் சாய்த்து வைத்ததுபோல் நிற்கும், ஸ்பிண்டில் படுத்திருக்கும். கிடைமட்ட ரூட்டரில் பலகை மேசைமேல் படுத்திருக்கும், ஸ்பிண்டில் மேலிருந்து இறங்கும். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட்டில் அலமாரியும் சமையலறைப் பெட்டிகளும் செய்யும் பட்டறையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: தரையில் சுண்ணக்கட்டியால் வரையுங்கள்

முழு ஷீட் ஏற்றும் கிடைமட்ட ரூட்டரின் உடலுக்கு ஏறக்குறைய 10 அடிக்கு 7 அடி இடம் வேண்டும். சுற்றிலும் மூன்றடி நடைவழி விட்டால் அது 16 அடிக்கு 13 அடியாகிவிடும். செங்குத்து ரூட்டரைச் சுவரோரம் நிறுத்தலாம் என்பதால் அதில் ஏறக்குறைய பாதி இடமே போதும். ஆனால் சில செங்குத்து இயந்திரங்களில் தலை நகராமல் பலகையே பக்கவாட்டில் நகரும்; அவற்றுக்கு இருபுறமும் பலகையின் நீளத்துக்கு வெற்றிடம் வேண்டும். நான் ஒருமுறை இயந்திரத்தை மட்டும் அளந்துவிட்டு ஷீட்டை மறந்தேன். இயந்திரம் கச்சிதமாகப் பொருந்தியது, வாசலிலிருந்து ஷீட்டைத் திருப்பிக் கொண்டுவரத்தான் வழியில்லை.

படி 2: ஷீட்டை யார் தூக்குவார்கள் என்று பாருங்கள்

18 மில்லிமீட்டர் ப்ளைவுட் ஷீட் ஒன்று சுமார் 32 கிலோ இருக்கும், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் 40 கிலோவைத் தொடும். அதை மேசை உயரத்துக்கு ஏற்ற இருவர் வேண்டும். செங்குத்து ரூட்டரில் கீழ்விளிம்பைத் தாங்கியில் வைத்துச் சாய்த்தால் போதும் என்பதால், தனியாளாக வேலை பார்ப்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

படி 3: வெட்டிய துண்டு எங்கே நிற்கும் என்று கேளுங்கள்

இடத்தை விட இதுவே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரே ஷீட்டிலிருந்து பக்கப்பலகை, தட்டு, இழுப்பறை முகப்பு எனப் பல துண்டுகளை வெட்டும்போது, கிடைமட்ட மேசையில் வெட்டி முடிந்த துண்டு தன் எடையாலும் வேக்வம் இழுப்பாலும் (பம்பு காற்றை உறிஞ்சிப் பலகையை மேசையோடு பிடித்துக்கொள்வது) இருந்த இடத்திலேயே கிடக்கும். செங்குத்தில் பிடிப்பு விட்ட துண்டு கீழே விழும், அல்லது சாய்ந்து, சுழலும் பிட்டில் மோதும். அதைத் தடுக்க ஒவ்வொரு துண்டிலும் சிறு இணைப்புகளை வெட்டாமல் விட்டு, பிறகு கையால் அறுத்துத் தேய்க்க வேண்டும். வேக்வமும் எல்லாவற்றையும் காப்பாற்றாது: 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டின்மேல், கசிவே இல்லாவிட்டாலும், அதிகபட்சம் 100 கிலோ அளவு அழுத்தமே விழும், வெட்டுத்தடங்களின் வழியே காற்றுக் கசியும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும். எனவே சிறு துண்டுகளுக்குக் கிடைமட்டத்திலும் அடியில் அரை மில்லிமீட்டர் தோலை வெட்டாமல் விட்டு, அதைக் கடைசிச் சுற்றில் வெட்டுவது நல்லது.

முழு ஷீட்டைப் பல துண்டுகளாக்குவதே முக்கிய வேலை என்றால் கிடைமட்டத்தையே வாங்குங்கள். நிலைக்கதவில் பூவேலை செதுக்குபவர்களுக்கும் அதுவே ஏற்றது. பேனல் ஸாவில் ஏற்கெனவே அறுத்த பலகைகளில் கீலுக்குக் குழியும் டவல் (பலகைகளை இணைக்கும் மரக்குச்சி) துளையும் மட்டும் போடுபவர்களுக்குச் செங்குத்து தாராளமாகப் போதும்.

படி 4: தூளும் மின்சாரமும்

செங்குத்தில் தூள் பெரும்பாலும் தானே கீழே விழும். கிடைமட்டத்தில் அது தடத்திலேயே தங்கி, பிட்டைச் சூடாக்கும் என்பதால் உறிஞ்சி கட்டாயம். மறுபுறம், செங்குத்தில் கனமான ஸ்பிண்டில் தொகுதி மேலும் கீழும் பயணிப்பதால், மின்தடையின்போது அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ள மோட்டார் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைமட்டத்தில் வேக்வம் பம்புக்கும் சேர்த்து மூன்று பேஸ் இணைப்பின் சுமையைக் கணக்கிடுங்கள்.

படி 5: உங்கள் பலகையோடு போய்ச் சோதியுங்கள்

விற்பனையாளரின் மாதிரித் துண்டை நம்பாமல், நீங்கள் வழக்கமாக வாங்கும் ப்ளைவுட்டையே எடுத்துச் சென்று 600-க்கு 800 மில்லிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டச் சொல்லுங்கள். இரு மூலைவிட்டங்களும் 1000 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். ஒன்று 1001, மற்றது 999 என்று வந்தால், அதைச் சரிசெய்து மீண்டும் வெட்டிக் காட்டும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.