தண்டவாள பேனலை மிஷின் வச்சு தூக்கி வைக்கது எப்படி: களத்துல நிக்கப் போற தம்பிகளுக்கு

நம்ம பக்கம் வாஞ்சி மணியாச்சியில இருந்து திருநெல்வேலி, வள்ளியூர் வழியா நாகர்கோவில் வரைக்கும் இரட்டைப் பாதை 2024-ல முடிஞ்சிட்டு, இனி பழைய லைன்ல கட்டை (தண்டவாளத்துக்கு கீழ குறுக்க கிடக்க சிலீப்பர்) மாத்த, தண்டவாளம் மாத்தன்னு வேலை வந்துகிட்டேதான் இருக்கும். நாங்குநேரி, பணகுடி பக்கத்துப் பையங்க நிறைய பேரு கான்ட்ராக்ட்ல ஹெல்ப்பரா சேருதாங்க, சேர்ந்த அன்னைக்கே கையில ஒரு கொடியையும் விசிலையும் கொடுத்து கிரேன் பக்கத்துல நிக்க வச்சிருதாங்க, யாரும் எதுவும் சொல்லித் தரமாட்டாங்க. அதனாலதான் எனக்குத் தெரிஞ்சதை எழுதுதேன். ஆபரேட்டர் வேலைக்கு முறையா ட்ரெயினிங்கும் சர்டிபிகேட்டும் வேணும், இது தரையில நிக்கவங்களுக்கு.

முதல்ல மிஷின் என்னன்னு பாப்போம். பேனல்னா ரெண்டு தண்டவாளத்தையும் கட்டையோட சேத்து கட்டின பாதைத் துண்டு. நம்ம ஊர்ல பேனல் பேனலா பாதையை மாத்த அதிகமா வரது பி.கியூ.ஆர்.எஸ், பிளாசர் குவிக் ரிலேயிங் சிஸ்டம். நாலு காலு வச்ச ஒரு வாசப்படி மாதிரி இருக்கும், அதனால போர்டல்னு சொல்லுவாங்க. இது நம்ம 1676 மில்லிமீட்டர் கேஜ்ல, அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்க அகலத்துல, ஓடாது, பாதைக்கு ரெண்டு பக்கமும் தனியா தற்காலிகமா ஒரு அகலப் பாதை போட்டு 3400 மில்லிமீட்டர் கேஜ்ல ஓடும், இதை ஆக்ஸிலரி டிராக்னு சொல்லுவோம், களத்துல ஆக்ஸ்னாலே போதும், எல்லாருக்கும் புரியும். ஒரு போர்டல் பழைய பேனலை உருவி எடுத்துகிட்டு போயி வேகன்ல வைக்கும், இன்னொண்ணு புது பேனலைக் கொண்டாந்து அந்த இடத்துல இறக்கும். பாயிண்ட்ஸ் (வண்டி ஒரு லைன்ல இருந்து இன்னொரு லைனுக்கு பிரியுற இடம்) மாத்த டி-28ன்னு வேற மிஷின் இருக்கு, அது தனிக் கதை, இங்க பேசல. ஸ்டேஷன் யார்டுலயும் தனியார் சைடிங்லயும் (கம்பெனிக்குள்ள போற கிளை லைன்) ஹைட்ரா, அதாவது சக்கரத்துல ஓடுற கிரேன், வச்சு பேனல் தூக்குவாங்க, அதை கடைசியில சொல்லுதேன்.

இப்ப கனம். பேனல் எவ்வளவு இருக்கும்னு ஒரு பையங்கிட்ட கேட்டா "ரெண்டு மூணு டன் இருக்கும்ணே"ன்னு சொல்லுவான், கணக்கு போட்டுப் பாருங்க. 13 மீட்டர் பேனல், கிலோமீட்டருக்கு 1660 கட்டைங்கிற கணக்குல ஒரு பேனலுக்கு 22 கட்டை வரும். காங்கிரீட் கட்டை ஒண்ணு சுமார் 270 கிலோ, 22 கட்டைக்கு 5,940 கிலோ. 60 கிலோ தண்டவாளம்னா மீட்டருக்கு 60 கிலோ, ரெண்டு பக்கமும் சேத்து 1,560 கிலோ. கட்டைக்கு நாலு கிளிப், லைனர், ரப்பர் பேட் எல்லாம் சேத்தா இன்னொரு நூறு கிலோ. ஆக மொத்தம் 7.6 டன். 9 டன் வரை தூக்குற போர்டலுக்கு இது தாங்கும். ஆனா வேற மாடல் கட்டை வந்து ஒண்ணுக்கு 60 கிலோ கூடுதுன்னு வச்சுக்குவோம், அப்பவே 1,320 கிலோ ஏறிரும், 8.9 டன் ஆயிரும், விளிம்புல வந்து நிக்கும். அப்ப 13 மீட்டர்ல பேனல் கட்டாம நீளத்தைக் குறைக்கணும், அதை டிப்போவுல பேனல் கட்டும்போதே முடிவு பண்ணணும், லைன்ல வந்து நின்னுகிட்டு யோசிக்கப்பிடாது. பழைய பேனலை உருவும்போது இன்னும் மோசம், மழை பெஞ்ச மறுநாள் சேறும் ஜல்லியும் கட்டையோட ஒட்டிகிட்டே வரும், அது எத்தனை கிலோன்னு யாருக்கும் தெரியாது, அதனால தூக்குறதுக்கு முன்னாடி கட்டைக்கு நடுவுல இருக்க ஜல்லியை நல்லா பறிச்சு விட்ரணும். மண்ணுல ஒட்டிகிட்டு கிடக்கதை வெடுக்குன்னு இழுக்கப்பிடாது, அரை அடி தூக்கி நிறுத்தி பொறவுதான் மேல ஏத்தணும்.

என்னைக் கேட்டா இந்த வேலையோட உசுரே ஆக்ஸ் டிராக்லதான் இருக்கு. போர்டல் நல்ல மிஷின்தான், ஆனா அது நிக்கது நீங்க போட்ட தற்காலிக தண்டவாளத்து மேல, அது நிக்கது சின்னச் சின்ன மரக்கட்டை மேல, அந்த மரக்கட்டை நிக்கது ஜல்லித் தோள்பட்டையிலயும் (கட்டை முனைக்கு வெளிய கிடக்க ஜல்லி) மண்ணுலயும். கீழ ஒரு கட்டை இறங்கிச்சுன்னா மேல ஏழரை டன் சாயும். பாதை சென்டர்ல இருந்து ஒவ்வொரு பக்கமும் 1.7 மீட்டர், அதை டேப் வச்சு பாருங்க, கண்ணுல பாத்தா போதும்னு விடாதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா இருக்கணும், வளைவுல பாதைக்கு சாய்வு இருக்கும்போது இது கொஞ்சம் படுத்தும். ஜாயிண்ட்ல பிஷ் பிளேட் (ரெண்டு தண்டவாள முனையையும் சேக்குற இரும்புத் தகடு) போட்டு போல்ட் முறுக்கினீங்களான்னு ஒவ்வொண்ணா நடந்து போய் பாக்கணும். லெவல் கிராசிங், சின்னப் பாலம், சிக்னல் கேபிள் கிடக்க இடம் எல்லாம் முந்துன நாளே சுண்ணாம்பு வச்சு குறிச்சு வச்சிரணும்.

ஒரு தடவை எனக்கே நடந்திருக்கு. மணியாச்சிக்கு வடக்க கரிசல், உங்களுக்கே தெரியும், காஞ்சு கிடக்கும்போது கல்லு மாதிரி இருக்கும், ஒரு மழைக்கு களி மாதிரி ஆயிரும். ராத்திரி நல்ல மழை, காலையில வெயில், மேலாப்ல காஞ்ச மாதிரி தெரிஞ்சிச்சு, நானும் மூணு நாளுக்கு முன்னாடி பாத்த ஆக்ஸ்தானன்னு விட்டுட்டேன். ரெண்டு பேனல் வச்சாச்சு. மூணாவது பேனலோட போர்டல் வரும்போது கிழக்குப் பக்கம் ஒரு மரக்கட்டை கிறுக்குன்னு சத்தம் போட்டுச்சு, சத்தம்தான் முதல்ல வந்துச்சு, பொறவுதான் தண்டவாளம் ரெண்டு விரக்கடை இறங்கினதைப் பாத்தேன். எங்க மேஸ்திரி அண்ணாச்சி விசில் அடிச்ச வேகத்துக்கு ஆபரேட்டர் நிறுத்திட்டாரு, லோடை அப்படியே நேர கீழ இறக்கினோம், யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னைக்கு அண்ணாச்சி என்கிட்ட சொன்னது, "ஏல, மேல தொங்குறதை எல்லாரும் பாப்பான், நீ கீழ கட்டையைப் பாருலே". அதுல இருந்து மழை பெஞ்சா, ஆக்ஸ் எப்ப போட்டதா இருந்தாலும் லோடு இல்லாத போர்டலை ஒரு தடவை மெதுவா ஓட்டிப் பாத்துட்டுதான் பேனலைத் தொடுவேன். இறங்குன இடத்துக்கு கீழ சின்ன மரக்கட்டையை எடுத்துட்டு அகலமான பழைய மர சிலீப்பரைக் குடுக்கணும், ஜல்லியை மட்டும் அள்ளிப் போட்டா திரும்பவும் இறங்கும்.

தண்ணி மண்ணை என்ன செய்யும்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. 2023 டிசம்பர் 17 வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு போச்சே, சுமார் 800 பேரு மாட்டிகிட்டாங்க, அங்க கீழ ஜல்லியும் மண்ணும் அரிச்சுப் போயி தண்டவாளம் கட்டையோட அந்தரத்துல தொங்குச்சு. மேல இருந்து பாத்தா பாதை இருக்கும், கீழ ஒண்ணும் இருக்காது. வாய்க்கால் ஓரம், குளத்தங்கரை ஓரம் பேனல் வேலைன்னா கரை ஓரத்தை கடப்பாரையால குத்திப் பாக்காம போர்டலை ஏத்தாதீங்க.

பிளாக், அதாவது அந்த லைன்ல வண்டியை நிறுத்தி வேலைக்கு விடுற நேரம், கிடைச்ச அன்னைக்கு என்ன செய்யணும்னா, முதல்ல பிளாக் எழுத்துல வந்திருக்கான்னு சூப்பர்வைசர்கிட்ட கேக்கணும், போன்ல சொன்னாங்க பாக்கெட்ல இருக்குன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. மேல கரண்ட் வயர் இருக்க செக்ஷன்ல 25,000 வோல்ட், ரெண்டு மீட்டருக்கு உள்ள ஆளோ கம்பியோ பூமோ (கிரேனோட நீட்டுக் கை) போகக்கூடாது, அது தொட்டாதான் அடிக்கும்னு இல்ல, கிட்ட போனாலே தாவும். பவர் பிளாக் (கரண்டை நிறுத்தித் தர்ற அனுமதி) வாங்கி எர்த் ராடு மாட்டினதை கண்ணால பாத்த பொறவுதான் மேல கை போகணும். பக்கத்து லைன்ல வண்டி ஓடும், அதை மறந்தவன் நிறைய பேரு, ரெண்டு லைனுக்கும் நடுவுல நிக்கவே கூடாது, லுக்அவுட் ஆள் (வண்டி வருதான்னு பாத்துச் சொல்ல நிக்கவன்) ஹூட்டர் அடிச்சா லோடு தொங்கிட்டு இருந்தாலும் தரையில இறக்கிட்டு அசையாம நிக்கணும், வண்டி போகட்டும். சிக்னல் காட்டுறவன் ஒரே ஒருத்தன். நாலு பேரு நாலு பக்கமும் கை காட்டினா ஆபரேட்டர் யாரைப் பாப்பாரு? ஆனா நிறுத்துன்னு மட்டும் யாரு வேணும்னாலும் காட்டலாம், அதுக்கு அவரு நிறுத்தியே ஆகணும்.

பழைய பேனலை பிஷ் பிளேட் கழட்டியோ வெட்டியோ 13 மீட்டர் துண்டா பிரிச்சதும் போர்டல் கவ்வி தண்டவாளத் தலையைப் பிடிக்கும். எல்லாக் கவ்வியும் ஒழுங்கா உக்காந்திருக்கான்னு ரெண்டு பக்கமும் ஒருத்தன் ஒருத்தன் பாத்து கை தூக்கணும். கிளிப் தளர்ந்த கட்டை ஒண்ணு இருந்தா தூக்கும்போது அது மட்டும் கீழ விழும், 270 கிலோ, கால் இருந்தா போச்சு. அதனால தொங்குற பேனலுக்கு கீழ கையோ காலோ போகவே கூடாது, ஜல்லி சமம் பண்ணுறவன் கூட பேனல் நகர்ந்து தள்ளிப் போன பொறவுதான் உள்ள இறங்கணும். பழைய பேனல் போனதும் ஜல்லி மேடு பள்ளமா கிடக்கும், அதை மட்டம் பாத்து வாரி, கட்டை உக்கார தளம் பண்ணணும். இதுல சோம்பல் பட்டா புது பேனல் நடுவுல முட்டு குடுத்து ரெண்டு முனையும் தொங்கும், முதல் வண்டி ஏறுனதும் கட்டையில விரிசல் விழும்.

புது பேனலை இறக்கும்போது கடைசி ஒரு அடியை மெதுவா இறக்கணும், முனையில கடப்பாரை போட்டு நேர் பிடிக்கறவங்க தண்டவாளத்தை உள்ளங்கையால தள்ளப்பிடாது, ரெண்டு தண்டவாள முனைக்கு நடுவுல விரல் மாட்டினதை நான் பாத்திருக்கேன், அதை எழுத மனசு வரல. ஜாயிண்ட்ல இடைவெளி விடுறதுக்கு தகடு வச்சுக்கோங்க. நம்ம வெயிலுக்கு 30 டிகிரி கூடுனா 13 மீட்டர் தண்டவாளம் நாலரை மில்லிமீட்டர் நீளும், காலையில குளிர்ல முட்ட முட்ட வச்சா மத்தியானம் போக இடம் இருக்காது.

காத்தைப் பத்தி தனியா சொல்லணும். வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழி கணவாய் வரைக்கும் ஆனி ஆடியில காத்து எப்படி அடிக்கும்னு அங்க கரண்ட் எடுக்க காத்தாடி நிக்கத பாத்தாலே தெரியும். பேனல் கனமானதுதான், ஆனா 13 மீட்டர் நீளம், காத்து குறுக்க அடிச்சா முனை திரும்பும். போர்டல்ல கவ்வி பிடிச்சிருக்கதால ஆட்டம் கம்மி, ஹைட்ராவுல தொங்கினா சுத்தும். ரெண்டு முனையிலயும் கயிறு கட்டி ஆள் பிடிக்கணும், கயிறை கையில சுத்திக்கப்பிடாது. பிடிக்கவன் கால் பெயர்ந்து இழுபட்டான்னா அன்னைக்கு வேலையை நிறுத்திரணும், மிஷின் புத்தகத்துல காத்து வேக அளவு போட்டிருக்கும், அதுக்கு மேல போனா யாரு சத்தம் போட்டாலும் தூக்காதீங்க.

ஹைட்ராவுல தூக்குறதுக்கு இன்னும் கவனம் வேணும். 14 டன் ஹைட்ரான்னு சொல்லுவாங்க, அந்த 14 டன் பூம் முழுசா உள்ள இருக்கும்போது, பக்கத்துல இருக்கதைத் தூக்கத்தான், பூமை நீட்ட நீட்ட அது சடசடன்னு குறையும், கேபின்ல ஒட்டியிருக்க சார்ட்டைப் பாக்காம 7.6 டன்னை நம்பி தூக்கினா பின் சக்கரம் எழும்பும். ஸ்லிங், அதாவது கொக்கியில இருந்து பேனலுக்கு போடுற கயிறு, அதோட கோணமும் முக்கியம். ரெண்டு ஸ்லிங்கும் தரைக்கு 60 டிகிரியில இருந்தா ஒவ்வொண்ணுலயும் சுமார் 4.4 டன்தான் இழுக்கும், அதே ஸ்லிங் குட்டையா இருந்து 30 டிகிரிக்கு படுத்திருச்சுன்னா ஒவ்வொண்ணும் முழு 7.6 டன்னை இழுக்கும். கயிறு அறுக்க பாதி காரணம் இதுதான். ரெண்டு இடத்துல பிடிக்கதா இருந்தா முனையில இருந்து சுமார் 2.7 மீட்டர் உள்ள தள்ளிப் பிடிங்க, அப்பதான் நடுவும் முனையும் ஒரே மாதிரி வளையும், நடுவுல சேத்துப் பிடிச்சா ரெண்டு முனையும் தொங்கி கிளிப் தெறிக்கும். நல்லது என்னன்னா ஒரு ஸ்ப்ரெடர் பீம் (கொக்கிக்கு கீழ குறுக்க தொங்குற இரும்பு உத்திரம்) வச்சு நாலு இடத்துல பிடிக்கது.

நேரக் கணக்கு மறந்திராதீங்க. பிளாக் மூணு மணி நேரம்னா கடைசி முக்கால் மணி நேரத்துல புதுசா ஒரு பேனலைத் திறக்கப்பிடாது. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு ஆசைப்பட்டுதான் பிளாக் பர்ஸ்ட் ஆகும், அதாவது குடுத்த நேரம் தாண்டிப் போயிரும், அவசரத்துல போல்ட் விடுபடும். கடைசிப் பேனலுக்கும் பழைய பாதைக்கும் நடுவுல ஒட்டு போடணும், மட்டம் ஒரேயடியா ஏறி இறங்காம சரிவா கொண்டு போய் சேக்கணும், ஜல்லி திணிக்கணும், போர்டலை வேகன்ல ஏத்தி கட்டணும், இதுக்கெல்லாம் நேரம் வேணும்.

பாதை கொடுக்கதுக்கு முன்னாடி ஆக்ஸ் டிராக் தண்டவாளம் எதுவும் உள்ள சாஞ்சு கிடக்கான்னு, ஸ்பேனர், ஜாக்கி, கடப்பாரை எல்லாம் எண்ணிக்கை சரியான்னு பாக்கணும், கேஜும் கிராஸ் லெவலும் (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள உயர வித்தியாசம்) ஒவ்வொரு பேனல்லயும் ரெண்டு இடத்துல அளக்கணும். முதல் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துல வரும், டேம்பிங் மிஷின் வந்து ஜல்லியை இறுக்க இறுக்கதான் வேகத்தைக் கூட்டுவாங்க, பேனல்ல இப்போதைக்கு போட்டிருக்க 13 மீட்டர் தண்டவாளத்தை எடுத்துட்டு நீளத் தண்டவாளம் மாத்துறது அதுக்குப் பொறவு. அந்த முதல் வண்டி போகும்போது ஓரமா தள்ளி நின்னு ஜாயிண்ட்டைப் பாருங்க, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கட்டை எவ்வளவு அமுங்கி எழும்புதுன்னு தெரியும், எது கூட அமுங்குதோ அதுல சாக்பீஸால ஒரு கோடு போட்டு வச்சிட்டு, வண்டி போனதும் பீட்டரை (கட்டைக்கு கீழ ஜல்லியைத் திணிக்கிற கருவி) எடுத்துகிட்டு அங்க போங்க.